ஒரு முகப்பு, இரண்டு குடித்தனம்



இங்கிலாந்துக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் வீடு தேடும்போது அனுப்பும் செய்திகளில் ‘செமி டிட்டாச்டு’ என்ற சொல் தவறாமல் வருகிறது. போன வாரம் குடும்பக் குழுவில் எங்கள் சித்தி, “அது என்னப்பா, பாதி கழன்ற வீடா?” என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சித்தி சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு வீடுகள் ஒரே ஒரு நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்கும். ஒரு பக்கம் ஒட்டு, மூன்று பக்கம் விடுதலை. அவ்வளவுதான் விஷயம்.

இதை மட்டும் சொல்லி முடித்தால் ஒரு வரிதான். ஆனால் இந்த வகை வீடு எப்படி வந்தது, எதற்காக வந்தது என்பதற்குப் பின்னால் வரி, தீ விபத்து, கௌரவம், பணம் எல்லாம் இருக்கின்றன. லண்டனுக்கு வடக்கே ஹாம்ஸ்டெட்டில் இன்றும் நிற்கும் ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். அதன் நடுச்சுவர் சாதாரணச் சுவரே இல்லை. கொஞ்சம் நீளமாகப் போகும். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் காலம். ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு மன்னர்கள் இங்கிலாந்தை ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். 1714 முதல் 1830 வரை. அந்தக் காலத்துக் கட்டடங்களுக்கு ‘ஜார்ஜியன்’ என்று பெயர். பார்த்தவுடன் அடையாளம் தெரியும். முகப்பு நேர்த்தியாக, இடமும் வலமும் ஒத்திருக்கும். சன்னல்கள் வரிசை பிசகாமல், நிமிர்ந்த செவ்வகமாக இருக்கும். மேல்தளங்களுக்குப் போகப் போகச் சன்னலின் உயரம் குறையும். சிற்ப வேலைப்பாடு கொஞ்சம்தான். அழகெல்லாம் அளவில் இருக்கும். கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் அளவு விகிதங்களை இத்தாலி வழியாகப் படித்துக்கொண்டு வந்து, கொத்தனாரும் தச்சரும் பின்பற்றும்படி அச்சுப் புத்தகங்களாகவே போட்டார்கள். அதனால் பெரிய கட்டடக் கலைஞர் யாரும் வராத சின்ன ஊரில்கூட அளவு கெடாத வீடுகள் எழுந்தன.

நகரத்துக்குள் பெரும்பாலும் வரிசை வீடுகள்தான். நம் ஊர்களில் பழைய தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி, ஒரே சுவரை இரண்டு பேர் பயன்படுத்திக்கொண்டு இருப்பார்களே, அதே ஏற்பாடு. மனை விலை அதிகம். முகப்பைக் குறுக்கி, உள்ளே நீளமாக, மேலே உயரமாகக் கட்டுவார்கள். 1666இல் லண்டன் எரிந்து போன பிறகு வந்த சட்டங்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சுவர்கள்தான் முக்கியக் கவலை. ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க நடுச்சுவர் செங்கல்லாக இருக்க வேண்டும், இத்தனை கனமாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 1709இல் வந்த சட்டம் சன்னலின் மரச் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலமாவது உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. ஜார்ஜியன் சன்னல்கள் கொஞ்சம் உள்வாங்கி, நிழல் விழுந்து அழகாகத் தெரிகின்றனவே, அந்த அழகு தீயணைப்பு விதியில் பிறந்தது. 1774இல் வந்த சட்டம் வீடுகளை அளவையும் மதிப்பையும் வைத்து நான்கு தரமாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் சுவர் கனம் இவ்வளவு என்று எழுதியே வைத்துவிட்டது.

நகரத்துக்கு வெளியே கதை வேறு. பணக்காரருக்குத் தோட்டத்தின் நடுவே தனி மாளிகை இருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் யார்? அலுவலகத்தில் நல்ல சம்பளம் வாங்குபவர், சிறு வியாபாரி, கொஞ்சம் வட்டி வருமானம் உள்ளவர். தனி வீடு கட்ட வசதி போதாது, வரிசை வீட்டில் அடைந்து கிடக்கவும் மனமில்லை. இவர்களுக்காகப் பிறந்ததுதான் இரட்டை வீடு. மனை, கூரை, ஒரு பெரிய சுவர், எல்லாமே பாதிப் பாதி. வெளிச்சமோ மூன்று பக்கத்திலிருந்து கிடைக்கும். பின்பக்கத் தோட்டத்துக்குப் பக்கவாட்டில் நடந்தே போகலாம். தோட்டத்து மண்ணையும் குப்பையையும் கூடத்து வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. இது சின்ன வசதி என்று நினைக்காதீர்கள். வீட்டைப் பெருக்கியவர்களுக்குத் தெரியும்.

1750களின் கடைசியிலேயே வடக்கே லங்காஸ்டரில் மேசை நாற்காலி செய்து புகழ்பெற்ற கில்லோ குடும்பத்து ரிச்சர்ட் கில்லோ இந்த மாதிரி இரட்டை வீட்டுக்கு வரைபடம் போட்டிருக்கிறார். 1790களில் மைக்கேல் சேர்ல்ஸ் என்ற கட்டடக் கலைஞர் லண்டனுக்குத் தென்கிழக்கே பிளாக்ஹீத்தில் ஏழு இரட்டை வீடுகளைப் பிறை வடிவில் நிறுத்தி, இடையிடையே தூண் வரிசையால் இணைத்தார். ‘பாரகன்’ என்று அதற்குப் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் அரண்மனை. கிட்டப் போய் எண்ணினால் பதினான்கு குடித்தனம்.

அரண்மனை போலத் தோன்றும் இந்த வித்தையைக் கவனியுங்கள். இரட்டை வீட்டின் பிறவிக் குணமே அது. ஜான் லவுடன் என்று ஒரு தோட்டக்கலை நிபுணர் இருந்தார். 1820களில் லண்டன் பேஸ்வாட்டரில் தனக்கென்று ஒரு இரட்டை வீடு கட்டினார். ஒரு பெரிய ஒற்றை மாளிகை போலத் தெரிய வேண்டும் என்று திட்டமிட்டு, நடுவே கண்ணாடிக் குவிமாடம் வைத்த செடி அறையை வைத்தார். தெருவில் போகிறவன் இது ஒரு பெரிய மனிதரின் வீடு என்று நினைக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு குடும்பத்துக்கும் அந்த மரியாதை முழுசாகப் போய்ச் சேரும். பாதிச் செலவில் முழுக் கௌரவம். இதைப் பித்தலாட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுப் போகிற மாதிரி. யாருக்கும் நஷ்டமில்லை.

இனி ஹாம்ஸ்டெட்டுக்கு வருவோம். இன்று அது லண்டனுக்குள் பெரும் பணக்காரர்கள் வசிக்கும் பகுதி. அன்று நகரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மைல் தள்ளி, மேட்டில் இருந்த கிராமம். பக்கத்திலேயே பரந்த புல்வெளி, நல்ல காற்று. அங்கே 1814, 1815 வாக்கில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து வீடு கட்டினார்கள். ஒருவர் சார்லஸ் வென்ட்வொர்த் டில்க். கடற்படைச் சம்பள அலுவலகத்தில் வேலை, இலக்கியத்தில் ஈடுபாடு. இன்னொருவர் சார்லஸ் பிரவுன். ரஷ்யாவில் மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்து நொடித்துத் திரும்பியவர். பிறகு ஒரு இசை நாடகம் எழுதி, அது லண்டனின் பெரிய அரங்கில் 1814இல் மேடையேறியது. இருவரும் பள்ளித் தோழர்கள். டில்க் மனைவி மகனோடு இருந்தார், பிரவுன் தனியாள். இருவருமாகச் சேர்ந்து ஒரு இரட்டை வீட்டைக் கட்டி, ‘வென்ட்வொர்த் பிளேஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வீட்டையும் அதே வித்தையோடுதான் கட்டினார்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒரே வீடுதான் தெரியும். இரண்டு வாசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் ஒன்றை முகப்பில் வைத்துவிட்டு மற்றதைப் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். தோட்டமும் பொது. வேலி போட்டுப் பிரித்தால் பொய் வெளியே தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முக்கியக் காரணம் நட்பு என்றுதான் நான் நினைக்கிறேன். சண்டை வருகிற ஆட்களோடு யாரும் பொதுத் தோட்டம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தரைக்குக் கீழே ஒரு தளம், மேலே இரண்டு தளம். கீழ்த்தளத்தில் சமையல், சாமான் அறை, வேலைக்காரர்களின் இடம். பிரவுனின் பாதியில் தரைத்தளத்தில் இரண்டு கூடங்கள், முன்னால் ஒன்று, தோட்டத்தைப் பார்த்துப் பின்னால் ஒன்று. மாடியில் படுக்கை அறைகள். கூடத்துக்கும் அறைக்கும் கணப்பு உண்டு. அந்தக் குளிருக்கு அது இல்லாமல் முடியாது. சமையல் கீழே, சாப்பாடு மேலே என்பதால் ஒவ்வொரு வேளையும் தட்டும் பாத்திரமும் மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டும். நிலக்கரி வாளியும் அப்படியே. இந்த அழகான அளவுகளுக்கு அடியில் யாரோ ஒரு பெண்ணின் முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது என்பதைக் கட்டடக்கலைப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

வெளிச்சுவர் வெள்ளைச் சாந்துப் பூச்சு. உள்ளே செங்கல்தான். ஏன் மறைக்க வேண்டும்? அமெரிக்கப் போரில் ஆன கடனை அடைக்க 1784இல் செங்கல்லுக்கு வரி போட்டார்கள். 1850 வரை அந்த வரி இருந்தது. பார்வைக்கு நல்ல செங்கல் விலை கூடியது. 1796இல் பார்க்கர் என்பவர் ‘ரோமன் சிமென்ட்’ என்ற பெயரில் சீக்கிரம் இறுகும் ஒரு சாந்துக்குக் காப்புரிமை வாங்கினார். சாதாரணச் செங்கல்லில் சுவர் எழுப்பி, மேலே சாந்து பூசி, கல் கட்டடம் போல வண்ணம் அடித்துவிடலாம் என்ற வசதி வந்தது. லண்டனின் ரீஜன்ட் தெருவையும் பூங்காவைச் சுற்றிய மாளிகைகளையும் ஜான் நாஷ் இந்தப் பூச்சை நம்பித்தான் கட்டினார்.

சன்னலுக்கும் வரி உண்டு. 1696 முதல் 1851 வரை. இத்தனை சன்னலுக்கு மேல் இருந்தால் இவ்வளவு என்று கணக்கு. கண்ணாடிக்கு எடையைப் பொறுத்துத் தனி வரி. அதனால்தான் கண்ணாடி மெல்லிசாக இருக்கும். அன்றைக்குக் கண்ணாடியை ஊதி, சுழற்றித் தட்டாக்கி, அதிலிருந்து வெட்டி எடுப்பார்கள். பெரிய பலகை கிடைக்காது. ஆகவே ஒரு சன்னலில் பல சின்னச் சதுரங்கள், இடையே மெல்லிய மரச் சட்டம். சன்னல் கதவு நம்முடையதைப் போல வெளியே திறக்காது, மேலும் கீழும் வழுக்கும். பக்கச் சட்டத்துக்குள் ஒளித்து வைத்த கயிறும் எடைக்கல்லும் அதைத் தாங்கும். விட்ட இடத்தில் நிற்கும். கிணற்றுக் கப்பியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உள்பக்கம் மரக்கதவுகள் மடங்கிச் சுவருக்குள்ளேயே பெட்டி மாதிரி அடங்கிவிடும். இரவில் விரித்து மூடினால் குளிரும் அடங்கும், கள்வர் பயமும் இல்லை.

1818 டிசம்பரில் பிரவுனின் பாதிக்கு ஒரு வாடகைக்காரர் வந்தார். வயது 23. மருத்துவம் படித்துத் தேறியும், அந்தத் தொழிலை விட்டுவிட்டுக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். அம்மா காசநோயில் போய்ச் சேர்ந்தவர். தம்பி டாமைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். அந்தத் தம்பியும் டிசம்பர் 1ஆம் தேதி அதே நோயில் இறந்தான். தனியாக நின்ற நண்பனைப் பிரவுன், “என்னோடு வந்து இரு” என்று அழைத்துக்கொண்டார். பெயர் ஜான் கீட்ஸ்.

இந்த வீட்டை இன்று ‘கீட்ஸ் ஹவுஸ்’ என்கிறார்கள். ஆனால் கீட்ஸுக்கு அதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. மாதம் ஐந்து பவுண்டு கொடுத்துச் சாப்பாட்டோடு தங்கினார். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒண்டுக்குடித்தனம். கட்டியவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை, வாடகைக்கு இருந்தவன் பெயர் தெருவுக்கே நிலைத்துவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாழ்நாளில் பாதியை வாடகை வீட்டில் கழித்தவர்களுக்குப் புரியும்.

முன்கூடம் பிரவுனுக்கு. தோட்டத்தைப் பார்த்த பின்கூடம் கீட்ஸுக்கு. ஜோசப் செவர்ன் என்ற ஓவிய நண்பர் கீட்ஸ் இறந்த பிறகு நினைவிலிருந்து வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அதில் கீட்ஸ் இரண்டு நாற்காலிகளை இணைத்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றின் முதுகில் கையை ஊன்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் தோட்டத்துக்குத் திறக்கும் உயரமான சன்னல் கதவு. ஜார்ஜியன் காலத்தின் பின்பகுதியில் இந்த வழக்கம் பரவியது. சன்னலைத் தரைவரை இறக்கிக் கதவாக்கிவிடுவது. கூடத்திலிருந்து ஒரே எட்டில் புல்தரை.

அந்த ஒரு எட்டினால் ஒரு கவிதை பிறந்தது. 1819 வசந்தத்தில் வீட்டுக்கு அருகே ஒரு நைட்டிங்கேல் கூடு கட்டியிருந்தது. ஒருநாள் காலை கீட்ஸ் சாப்பாட்டு மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிளம் மரத்தடியில் போட்டு இரண்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தார், திரும்பி வரும்போது கையில் சில காகிதத் துண்டுகள், அவற்றைப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகினார் என்று பிரவுன் பிற்காலத்தில் எழுதி வைத்தார். நைட்டிங்கேல் பற்றிய அந்தக் கவிதை ஆங்கிலம் படித்த எல்லோருக்கும் தெரியும். மரம் போய்விட்டது, அதன் நினைவாக வேறு பிளம் வைத்திருக்கிறார்கள். அதைவிட வயதான ஒரு மல்பெரி மரம் அந்தத் தோட்டத்தில் இன்னும் நிற்கிறது.

இப்போது சுவருக்கு வருகிறேன்.

பிரவுனுக்கு ஒரு பழக்கம். கோடைக்காலத்தில் தன் பாதியை வாடகைக்கு விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார். 1818 கோடையில் கீட்ஸும் அவரும் ஸ்காட்லாந்துக்கு நடைப்பயணம் போனபோது அப்படி வாடகைக்கு வந்தவர் பிரான் என்ற விதவை அம்மாள், மூன்று பிள்ளைகளோடு. (பிரவுன் வேறு, பிரான் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) மூத்த பெண் ஃபேனி. பிரவுன் திரும்பியதும் அவர்கள் பக்கத்திலேயே வேறு வீட்டுக்கு மாறினார்கள். டில்க் குடும்பத்தோடு பழக்கம் தொடர்ந்தது. அங்கே வந்து போகும்போதுதான் கீட்ஸ் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவளுக்கு 18 வயது.

1819 ஏப்ரலில் டில்க் தம்பதியர் மகனின் படிப்புக்காக வெஸ்ட்மின்ஸ்டருக்குக் குடிபோனார்கள். காலியான அவர்களுடைய பாதிக்கு வாடகைக்கு வந்தது பிரான் குடும்பம். ஒரு பக்கம் கீட்ஸ், மறுபக்கம் ஃபேனி. நடுவில் ஒரு செங்கல் சுவர். தோட்டமோ பொது. இரண்டு நண்பர்கள் செலவைக் குறைப்பதற்காகப் போட்ட திட்டம், அவர்கள் கனவிலும் நினைக்காத வேலையைச் செய்ய ஆரம்பித்தது. வரிசை வீடாக இருந்திருந்தால் தோட்டங்களுக்கு நடுவே மதில் இருந்திருக்கும். தனி வீடுகளாக இருந்திருந்தால் கூப்பிடாமல் போக முடியாது. இந்த வீட்டில் கதவைத் திறந்து வெளியே வந்தாலே எதிர்ப்படுவார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இருவருக்கும் நிச்சயமாகிவிட்டது. ஊருக்குச் சொல்லவில்லை. வருமானமில்லாத மாப்பிள்ளை. பெண்ணின் அம்மா மறுக்கவுமில்லை, மகிழவுமில்லை.

1820 பிப்ரவரி 3, இரவு. லண்டனிலிருந்து வண்டியின் மேல்கூரை இருக்கையில் குளிரில் நனைந்து வந்த கீட்ஸ், படுக்கையில் இருமினார். துணியில் ஒரு துளி ரத்தம். மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொல்லி அதன் நிறத்தைப் பார்த்தார். மருத்துவம் படித்தவர், தம்பியைப் பார்த்துக்கொண்டவர். இது எந்த ரத்தம், இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் அவர் எழுந்து நடமாட முடியாதவர். கீழே முன்கூடத்தில் சாய்மெத்தையில் கிடத்தினார்கள், சன்னல் வழியாகத் தெருவையும் தோட்டத்தையும் பார்க்கட்டும் என்று. மனம் அலைபாயக் கூடாது, யாரையும் அதிகம் பார்க்கக் கூடாது என்பது அன்றைய வைத்தியம். ஃபேனி இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஆனாலும் கடிதம் எழுதினார். துண்டுக் காகிதங்கள். இன்று வரலாமா, வேண்டாமா, தோட்டத்தில் உன்னைப் பார்த்தேன், தூங்கும் முன் ஒரு வரி எழுதி அனுப்பு என்கிற மாதிரி. அவள் இரவு வணக்கம் எழுதி அனுப்புவாள். கீட்ஸ் ஃபேனிக்கு எழுதியவற்றில் முப்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அதில் பல இந்தச் சுவரைத் தாண்டுவதற்காக மட்டும் எழுதப்பட்டவை. நேரில் பேச முடிந்திருந்தால் அந்தக் காகிதங்களே இருந்திருக்காது. இலக்கிய உலகம் அந்தச் சுவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சிலர் ரசித்துப் பேசலாம். எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. பக்கத்து அறையில் அவள் நடக்கும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு, பார்க்க முடியாமல் கிடந்த ஒரு 24 வயதுப் பையனைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றுகிறது.

மே மாதம் பிரவுன் வழக்கம்போல வீட்டை வாடகைக்கு விட்டார். அவருக்கும் பண நெருக்கடி. ஆனாலும் இந்த இடத்தில் எனக்குப் பிரவுன் மேல் கோபம்தான். நோயாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கென்டிஷ் டவுனில் வேறு அறை தேடிப் போனார். ஆகஸ்ட் 12 அன்று, இருந்த இடத்தில் மனம் நொந்து, உடம்பு இற்றுப்போன நிலையில் நடந்து வந்து நின்றது இதே வீட்டு வாசலில். தன் பழைய அறையில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பிரான் அம்மாள் அந்த நிலையைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீட்டில், நிச்சயமான பையனைத் தங்க வைப்பது அன்றைய இங்கிலாந்திலும் ஊர் வாய்க்கு விஷயம்தான். அந்த அம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

ஆக, அந்த வீட்டில் கீட்ஸ் கழித்த கடைசி ஒரு மாதம், சுவரின் மறுபக்கத்தில். செப்டம்பர் 13ஆம் தேதி கிளம்பினார். வெயில் தேசத்தில் குணமாகும் என்று நம்பி இத்தாலிக்குக் கப்பலேற்றினார்கள். 1821 பிப்ரவரி 23, ரோம். வயது 25. ஃபேனி பிறகு எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பிரிக்காமலேயே அவரோடு புதைத்தார்கள்.

வீடு அங்கேயே இருந்தது. ஃபேனி குடும்பமும் அங்கேயே இருந்தது. 1828இல் கீட்ஸின் தங்கை, அவள் பெயரும் ஃபேனிதான், தன் ஸ்பானியக் கணவரோடு பிரவுனின் பழைய பாதிக்குக் குடிவந்தாள். அண்ணன் கட்டிக்கொள்ளாமல் போன பெண்ணும் தங்கையும் சுவருக்கு இருபுறமும். 1829 இறுதியில் பிரான் அம்மாள் விருந்தாளி ஒருவரை வழியனுப்ப மெழுகுவர்த்தியோடு வெளியே வந்தபோது உடையில் தீப்பற்றி இறந்துபோனார். தீ பரவாமல் இருக்கச் சுவர் கனம் எவ்வளவு, சன்னல் எத்தனை அங்குலம் உள்ளே என்று சட்டம் போட்டவர்களால் கையில் பிடித்த திரிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

1838, 39 வாக்கில் எலைசா செஸ்டர் என்ற ஓய்வுபெற்ற நாடக நடிகை இரண்டு பாதியையும் வாங்கினார். நடுச்சுவரை உடைத்து வழி விட்டு ஒரே வீடாக்கினார். பக்கத்தில் ஒரு பெரிய விருந்துக் கூடமும் சேர்த்தார். அதன் பிறகு முகப்பு சொன்னது பொய்யில்லை. இரட்டை வீடு என்ற கட்டடம் மட்டும் இல்லாமல் போனது. அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. அப்போது கீட்ஸ் அதிகம் பேருக்குத் தெரியாத பெயர். ஃபேனிக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்தது 1878இல்தான். தன் வீட்டை வசதியாக்கிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் இன்று போகிறவர்கள் கீட்ஸின் அறையிலிருந்து ஃபேனியின் அறைக்கு இரண்டே எட்டில் போய்விடுகிறார்கள். அவருக்கு வாரக்கணக்கில் முடியாத அந்த நடை, நுழைவுச் சீட்டு வாங்கியவர் எல்லோருக்கும் முடிகிறது. அதனால்தான் முதலிலேயே வரைபடத்தை மனதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்கிறேன். இல்லாவிட்டால் அங்கே இருப்பது பழைய நாற்காலியும் கண்ணாடிப் பெட்டிக்குள் மோதிரமும்தான்.

1920இல் இந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தது. ஊரார் கூடிப் பணம் திரட்டினார்கள். அமெரிக்காவிலிருந்தும் நிறையப் பணம் வந்தது. வீட்டை மீட்டு 1925 மே 9 அன்று நினைவில்லமாகத் திறந்தார்கள். இன்று லண்டன் மாநகர நிர்வாகத்தின் பொறுப்பில், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் முதல் தரப் பட்டியலில் இருக்கிறது. தெருவுக்கே ‘கீட்ஸ் குரோவ்’ என்று பெயர். 2009இல் வந்த ‘பிரைட் ஸ்டார்’ படத்தில் பார்த்தோமே என்று சொல்லாதீர்கள், படத்தில் வருவது இந்த வீடே அல்ல, லூட்டன் பக்கம் வேறொரு வீடு.

லண்டனில் இருக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். ஹாம்ஸ்டெட் ஹீத் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், நடந்தே போகலாம். உள்ளே நுழையும் முன் தெருவில் நின்று முகப்பை ஒரு நிமிடம் பாருங்கள், இரண்டு வீடு என்று எங்காவது தெரிகிறதா என்று. பிறகு இரண்டாவது வாசல் எங்கே இருந்தது என்று தேடுங்கள். உள்ளே போனால், சுவரை எங்கே உடைத்தார்கள் என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேட்டு, அந்த இடத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். சித்திக்கும் காட்ட வேண்டும்.